டிரைவர் கோடை ரிவியூ செய்யும்போது: பஃபர் அளவும் பிழைப் பாதையும்

லினக்ஸ் யூஎஸ்பி டிரைவர் பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) எதுவானாலும் நான் முதலில் தேடுவது நீள எண்களைத்தான். லென்த், கவுண்ட், சைஸ் என்று என்ன பெயர் வைத்திருந்தாலும் சரி, அந்த எண்ணைத் தந்தது யார்? நம் கோடா, யூசர் புரோகிராமா, செருகிய கருவியா? கடைசி இரண்டில் ஒன்று என்றால், அதை வரம்போடு ஒப்பிடும் வரி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மேற்கொண்டு படிக்காமல் பேட்சைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அடுத்து, மெமரி ஒதுக்கும் இடத்தையும் அதில் எழுதும் இடத்தையும் ஒரே திரையில் அருகருகே வைத்துப் பாருங்கள். யூவிசி (யூஎஸ்பி வீடியோ தரநிலை) வெப்கேம் டிரைவரில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஒரு ஃபங்ஷன் டிஸ்கிரிப்டர்களை (கருவி தன்னைப் பற்றி அனுப்பும் விவரத் துண்டுகளை) எண்ணி, அத்தனை ஃபிரேமுக்கு மெமரி வாங்கும். இன்னொன்று அவற்றை மறுபடி படித்து நிரப்பும். எண்ணியபோது ‘அன்டிஃபைன்ட்’ வகை ஃபிரேம்களை விட்டுவிட்டது. நிரப்பியபோது அவற்றையும் எழுதியது. கருவி அப்படி ஒரு டிஸ்கிரிப்டரை அனுப்பினால், எழுத்து பஃபரைத் தாண்டிப் போகும். 2008-இல் 2.6.26 கர்னலோடு வந்த இந்த ஓட்டை 2024 கடைசியில்தான் அடைபட்டது (பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில் சிவிஇ-2024-53104). தனித்தனியாகப் படித்தால் இரண்டு ஃபங்ஷனிலும் குறை தெரியாது, அதுதான் வம்பு.

மெமரி ஒதுக்கும் கேமெல்லாக் (kmalloc) அடைப்புக்குள் பெருக்கல் குறி தெரிந்தால், பெருக்கல் வரம்பு மீறுவதைக் கவனிக்கும் கேமெல்லாக்_அர்ரே போடச் சொல்லுங்கள். அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் வாங்குவது அர்ரேயா பாயின்டரா (வெறும் முகவரியா) என்று பாருங்கள். பாயின்டர் என்றால் 64 பிட் கர்னலில் விடை எப்போதும் 8தான்.

அப்புறம் ரிடர்ன் மதிப்புகள். யூசர் புரோகிராமின் டேட்டாவைக் கர்னலுக்குள் எடுக்கும் காப்பி_ஃப்ரம்_யூசர் தருவது பிழை எண் அல்ல, காப்பி ஆகாமல் மீந்த பைட் எண்ணிக்கை. ரைட் (write) ஃபங்ஷன் அதை அப்படியே திருப்பித் தந்தால், 12 பைட் மீந்த தோல்வியை யூசர் “12 பைட் எழுதியாச்சு” என்று எடுத்துக்கொள்வார். முகவரிப் பிழையைச் சொல்லும் மைனஸ் ஈஃபால்ட்தான் போக வேண்டும். கருவியோடு பேசும் யூஎஸ்பி_கன்ட்ரோல்_மெசேஜ் வேறு மாதிரி: வெற்றி என்றால் வந்த பைட் எண்ணிக்கையைத் தரும். 4 கேட்டு 2 வந்தாலும் அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது, அதாவது பிழையாகத் தெரியாது. மிச்ச 2 பைட்டில் பழைய குப்பை இருக்கும். 5.10 கர்னல் முதல் உள்ள யூஎஸ்பி_கன்ட்ரோல்_மெசேஜ்_ரெசீவ் அரைகுறை வரவைப் பிழையாகவே சொல்லிவிடும்.

கருவியைச் செருகியதும் ஓடும் புரோப் ஃபங்ஷனை மட்டும் நான் கீழிருந்து மேலாகப் படிப்பேன். மேலே வாங்கிய வரிசைக்கு நேர் தலைகீழாகக் கீழே லேபிள்கள் விடுவிக்கின்றனவா? அந்த லேபிளுக்குத் தாவும் ஒவ்வொரு கோட்டூவுக்கும் (goto) முன்னால் ரிடர்ன் வேரியபிளில் பிழை எண் ஏறியிருக்கிறதா? முந்தைய படி வெற்றியில் வைத்துப்போன 0 அப்படியே இருந்தால், மெமரி கிடைக்காமல் வெளியேறிய புரோபும் வெற்றி என்றே சொல்லும். ஸ்மாட்ச் என்ற கோட் சோதிக்கும் மென்பொருள் இதைப் பெரும்பாலும் பிடித்துவிடும், ஓட்டிப் பாருங்கள். தானாகவே விடுவித்துக்கொள்ளும் டெவ்எம் வகை ஃபங்ஷன்களைக் கைப்பட மெமரியை விடுவிக்கும் கேஃப்ரீயோடு கலந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: டெவ்எம்மில் வாங்கிய இன்டரப்ட் (கருவி தரும் குறுக்கீட்டு அழைப்பு), ரிமூவ் (கருவியைக் கழற்றும்போது ஓடும் ஃபங்ஷன்) முடிந்த பிறகுதான் விடுபடும். ரிமூவிலேயே பஃபரை விட்டுவிட்டால், இடையில் வரும் இன்டரப்ட் செத்த மெமரியைத் தொடும்.

கமென்ட் எழுதும்போது “லென்த் செக் வேண்டும்” என்று மொட்டையாக விடாதீர்கள். “கருவி இங்கே 255 அனுப்பினால் எந்த வரியில் நிற்கும்?” என்று கேளுங்கள்.