ஆர்க்டிக் கடல்பனி: இரண்டு மாடல்களை ஒப்பிடுவது எப்படி?

போன சித்திரையில், கே.கே. நகரில் வெளியே தலைகாட்ட முடியாத ஒரு மத்தியானம், என் முதல் ஒப்பீட்டு வரைபடத்தைப் போட்டேன். செயற்கைக்கோள் சொல்வதைவிட இரண்டு காலநிலை மாடல்களும் (கடலையும் காற்றையும் பனியையும் கணக்கிட்டு ஓட்டும் கணினி நிரல்கள்) ஏகப்பட்ட ஆர்க்டிக் பனியைக் காட்டின. மாடல் எழுதியவர்கள் சொதப்பிவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். சொதப்பியது நான்தான். எங்கே என்று கீழே வருகிறது.

படி 1: கோப்புகள்

கூகுள் கோலாபும் (உலாவியிலேயே நிரல் ஓட்டும் இடம்) பைத்தானில் எக்ஸ்அரே என்ற நிரல் தொகுப்பும் போதும். சிஎம்ஐபி6 என்ற, பல நாட்டுக் காலநிலை மாடல்களின் முடிவுகளைச் சேர்த்து வைத்த தொகுப்பிலிருந்து இரண்டு மாடல்களின் ‘ஹிஸ்டாரிக்கல்’ ஓட்டத்தை, அதாவது கடந்த காலத்தைக் கணக்கிட்ட ஓட்டத்தை (1850–2014), இறக்குங்கள். மாடல் கடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடும். வேண்டியது மாதாந்திரக் கடல்பனிச் செறிவு, அதாவது ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பங்கு பனி என்பது. கூடவே அந்தந்த மாடலின் கட்டப் பரப்பளவுக் கோப்பு. கடல் மாடல்களில் கட்டங்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. பரப்பளவு இல்லாமல் சும்மா சராசரி எடுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஒப்பிட, அமெரிக்காவின் தேசியப் பனித் தரவு மையமான என்எஸ்ஐடிசி வெளியிடும் மாதாந்திரப் பனிப்பரவல் அட்டவணை. 1979 முதல் கிடைக்கிறது.

படி 2: எதை அளக்கிறோம்?

வண்டியூர் கண்மாயில் ஆகாயத்தாமரை எவ்வளவு என்று கேட்டால் இரண்டு விதமாகச் சொல்லலாம்: செடி பரவிய இடம் மொத்தமும், அல்லது நடுவில் தெரியும் தண்ணீரைக் கழித்துவிட்டு செடி மட்டும். பனியிலும் அப்படித்தான். முதலாவது பரவல், இரண்டாவது பரப்பு. பரவலுக்கு, 15 சதவீதமாவது பனி இருக்கும் கட்டத்தை முழுதாகச் சேர்ப்பார்கள்.

தலா 100 சதுர கி.மீ. உள்ள நான்கு கட்டங்களில் பனி 90, 50, 20, 10 சதவீதம் என்று வையுங்கள். பரவல் 300, பரப்பு 170. கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீரைச் செயற்கைக்கோள் கடல் என்று ஏமாந்துபோவதால், பரப்பைவிடப் பரவலையே நம்பலாம்.

என் தப்பு இங்கேதான். கோப்பில் செறிவு சதவீதமாக, 0 முதல் 100 வரை இருந்தது. நான் எல்லையை 0.15 என்று கொடுத்திருந்தேன். அரை சதவீதம் பனி இருந்த கட்டமெல்லாம் முழுக் கட்டமாக உள்ளே வந்துவிட்டது. அதனால் முதலில் அதிகபட்ச மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள்: 1 வருகிறதா, 100 வருகிறதா?

படி 3: கூட்டல்

வட அரைக்கோளத்தை மட்டும் வெட்டி எடுங்கள். மறந்தால், செப்டம்பரில் உச்சத்தில் இருக்கும் அண்டார்டிக் பனியும் சேர்ந்து 200 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல் போய் நிற்கும். 15 சதவீத எல்லையைத் தொட்ட, தாண்டிய கட்டங்களின் பரப்பளவைக் கூட்டினால் வேலை முடிந்தது. இரண்டு மாடல்களையும் ஒரே கட்டவலைக்கு மாற்ற வேண்டுமே என்று சிலர் பயமுறுத்துவார்கள். மொத்தப் பரவலுக்கு அது தேவையில்லை.

படி 4: எந்த ஆண்டு?

2012 செப்டம்பரில் பனி சுமார் 34 லட்சம் சதுர கி.மீ. வரை சுருங்கியது. செயற்கைக்கோள் பதிவில் அதுதான் மிகக் குறைவு. ஆனால் மாடலின் 2012 நம் 2012 அல்ல. கரியமில வாயு, எரிமலை, சூரியக் கணக்குகளைக் கொடுத்து ஓடவிட்டது அது. அதன் காற்றும் புயலும் அதுவே உண்டாக்கிக்கொண்டவை. சித்திரையில் கோடை மழை வரும் என்று சொல்லலாம், அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கே வரும் என்று சொல்ல முடியுமா? ஆகவே 1985–2014 செப்டம்பர்களின் சராசரியையும், பனி குறையும் வேகத்தையும் ஒப்பிடுங்கள்.

படி 5: பனிக்குக் கீழே

பரவல் பொருந்திவிட்டால் மாடல் நல்லது என்று சொல்லிவிடாதீர்கள். தடிமன் தப்பாக இருந்தும் பரவல் சரியாக வரலாம். அப்புறம் கடல். கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கும் இடையே உள்ள ஃப்ராம் நீரிணை வழியாக நுழையும் வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர், மேலே உள்ள குளிர்ந்த, உப்புக் குறைந்த நீருக்கு அடியில் சில நூறு மீட்டர் ஆழத்தில் சுற்றுகிறது. பல மாடல்களில் இந்த அடுக்கு நிஜத்தைவிட ஆழமாகவும் தடிமனாகவும் இருக்கும். ஆர்க்டிக்கின் நடுவில் ஒரு புள்ளியை எடுத்து, ஆழம் கூடக்கூட வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று இரண்டு மாடல்களுக்கும் வரைந்து பாருங்கள். ஆழ அச்சைத் திருப்பிப் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கடலடி மேலே வந்து நிற்கும்.