ஆர்க்டிக் மலையையும் ஓடையையும் வரைபடமாக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

அலாஸ்காவின் வடக்கே, புரூக்ஸ் மலைத்தொடரில் எது உயர்ந்த சிகரம்? 1950-களின் இறுதியில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை போட்ட வரைபடங்களில் ஒரு ஸ்கேலில் போட்ட தாள் சேம்பர்லின் என்கிறது, இன்னொரு ஸ்கேலில் போட்ட தாள் இஸ்டோ என்கிறது. விமானத்திலிருந்து படமெடுத்து மறுபடி அளந்த முடிவு 2016-ல் வெளியானது: இஸ்டோ 2735.6 மீட்டர், ஹப்லி 2717.6, சேம்பர்லின் 2712.3. சேம்பர்லினுக்கு மூன்றாமிடம்தான்! அன்று வரைந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அந்தக் காலத்துக்கு அது மலைக்கவைக்கும் வேலை. அந்தத் தாளை இன்றும் வேதவாக்காக எடுத்துக்கொள்வதுதான் பிசகு.

தாளின் கீழ் ஓரத்துப் பொடி எழுத்தை முதலில் படியுங்கள். அச்சிட்ட ஆண்டு ஒன்று, விமானப் படம் எடுத்த ஆண்டு வேறொன்று. பழைய அலாஸ்கா தாள்கள் பலவற்றில் ‘களத்தில் சரிபார்க்கப்படவில்லை’ என்றே போட்டிருப்பார்கள். சமவுயரக் கோடு 100 அடிக்கு ஒன்று என்றால், 60 அடிச் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். (அந்த அடியை மீட்டராக வாசிப்பவர்களும் உண்டு.)

ஓடைகளில்தான் அதிகம் ஏமாறுகிறோம். குளிர்காலம் முழுக்க ஊற்றுநீர் பனிக்கட்டிக்கு மேலே கசிந்து, அடுக்கடுக்காக உறையும். இதை ஆஃபைஸ் என்பார்கள். அலாஸ்காவின் கோங்காகுட் ஆற்றில் இது பெரிய பரப்பில் படர்கிறது, கனமும் சில மீட்டர் வரை போகும். ஜூன் மாத சாட்டிலைட் படத்தில் தெரியும் வெள்ளைத் திட்டைப் பனியாறு என்றோ ஏரி என்றோ குறித்துவிட்டால், கோடைக் கடைசியில் அங்கே போகிறவர் காண்பது பெரும்பாலும் கூழாங்கல் படுகையும் பின்னிப் பின்னிப் பிரியும் நீர்க்கால்களும்தான். உயரத் தரவும் அதே ஜூனில் எடுத்ததென்றால், மென்பொருள் பனிக்கட்டியைத் தரையென்று நம்பி அதன்மேலேயே ஓடையை ஓட்டிவிடும். ஜூன் படத்தையும் ஆகஸ்ட் இறுதிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நீலக்கோடு போடாதீர்கள்.

இணைய வரைபடங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் வரைமுறையில் தூரம் அளக்கவே வேண்டாம். 70 பாகை அட்சரேகையில் எல்லாமே ஏறக்குறைய மூன்று மடங்கு நீளும்.

ஆர்க்டிக்டெம் என்ற, இலவசமாகக் கிடைக்கும் ஆர்க்டிக் உயரத் தரவு 2 மீட்டர் கட்டத்தில் வருவதால் கண்ணை மூடிக்கொண்டு நம்பத் தோன்றும். அதன் ஒட்டுத் தொகுப்பு பல தேதிகளின் கலவை. பனியாறு உருகுவதைக் கணக்கிட, தேதி போட்ட தனிப் பட்டைகளை எடுங்கள். இன்னொன்று, அதிலுள்ள உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்ததல்ல, பூமிக்குப் பதிலாகக் கணிதத்தில் எடுத்துக்கொள்ளும் வழவழப்பான நீள்வட்டக் கோளத்திலிருந்து அளந்தது. நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் இரண்டுக்கும் வித்தியாசம் 30 மீட்டருக்கு மேல். இந்த வித்தியாசத்தைக் கழிக்கும் ஜியாய்ட் திருத்தம் செய்யாமல் கோடு இழுத்தால், கடற்கரையே ஒரு குன்றின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.