நீண்ட பயணமா? முதலில் பூனை, அப்புறம் பெட்டி

பூனையோ நாயோ கூட வருகிறதென்றால் அதன் காகித வேலையை மாதக்கணக்கில் முன்பே தொடங்குங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), அப்புறம்தான் வெறிநோய்த் தடுப்பூசி. வரிசை மாறினால் ஊசி செல்லாது. பல நாடுகளிலிருந்து போகிறவர்களுக்கு, ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அதன்பின் 3 மாதக் காத்திருப்பும் உண்டு.

விட்டுவிட்டுப் போவதானால், பார்த்துக்கொள்பவரை முன்கூட்டியே வரவழைத்துச் சாப்பாடு வைக்கச் சொல்லுங்கள். புது ஆளைக் கண்டால் என் பூனை கட்டிலுக்கடியில் போய்விடும். நான் உடுத்திய சட்டையைத் துவைக்காமல் அதன் படுக்கையில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

வீடு பூட்டியே கிடக்குமென்றால் தண்ணீர் மெயின் வால்வையும் கேஸையும் அடைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜைக் காலி செய்து, அணைத்து, உலரத் துடைத்து, கதவிடுக்கில் சுருட்டிய துண்டைச் செருகுங்கள். மூடிவைத்தால் பூஞ்சணம்தான். நகை, பத்திரம் லாக்கருக்கு.