பிக்கப்பை உயர்த்திய பிறகு ஸ்டியரிங் ஆடுகிறதா?

சக்கரத்தைத் திருப்பும் தண்டான டை ராட்டின் முனைகளை மாற்றும் முன் ஐட்லர் ஆர்மைப் பாருங்கள். டை ராட்களை இணைக்கும் குறுக்குத் தண்டான சென்டர் லிங்கை, ஸ்டியரிங் பாக்ஸுக்கு எதிர்ப்பக்கத்தில் தாங்கும் கை அது. சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக அசைக்கட்டும். ஐட்லர் ஆர்ம் மேலும் கீழும் ஏறி இறங்கினால் குறை அங்கேதான். புது ஐட்லர் போட்டு, உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதை மேலும் கீழும் ஆடவிடாமல் பிடிக்கும் சப்போர்ட் பிராக்கெட்டும் மாட்டுங்கள்.

முன் சஸ்பென்ஷனை உயர்த்தினால் டை ராட் சாய்ந்துவிடும். பக்கவாட்டு விசையில் ஒரு பங்கு சென்டர் லிங்கை மேலும் கீழும் தள்ளும். பிட்மன் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் கை) உள்ள பக்கத்தை ஸ்டியரிங் பாக்ஸ் பிடித்துக்கொள்ளும், மறுபக்கத்துக்கு ஐட்லர் சுழலும் இடத்து உறையான புஷ்தான் துணை. அதுவும் பெரிய டயரோடு மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டப் பாதைகளில் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

தேய்ந்த புஷ்ஷின் மேலேயே பிராக்கெட் மாட்டுவது வீண் செலவு. ஹைலக்ஸ் விகோ போல, ஸ்டியரிங் பாக்ஸுக்குப் பதில் பல்சட்டமும் பல்சக்கரமும் கொண்ட ரேக் அண்ட் பினியன் உள்ள வண்டிகளில் ஐட்லரே கிடையாது.