காற்று பலமாக வீசும்போது கட்டடச் சாரத்தில் செய்யக்கூடாத தவறுகள்

கீழே நின்றுகொண்டு "காத்து ஒண்ணும் பெருசா இல்லையே" என்று சொல்வதுதான் முதல் தவறு. தரையில் மதிலும் மரமும் காற்றைத் தடுத்துவிடும். உயரே தடுக்க எதுவுமில்லை. கட்டடத்தின் மூலையிலும், இரண்டு கட்டடங்களின் நடுச்சந்திலும் வேகம் இன்னும் கூடும். அதனால் காற்றுமானியை வேலை நடக்கும் தட்டிலேயே பிடித்துப் பார்க்க வேண்டும். கருவி இல்லையா? பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்க முடியாமல் போனால் மணிக்கு 40 கி.மீ. இருக்கும். அப்போது ஆட்களை இறக்கிவிடுவதே சரி. சக்கரம் வைத்த டவர் சாரத்துக்கு அவ்வளவு தூரம் காத்திருக்கக் கூடாது, 27 கி.மீ. வாக்கிலேயே நிறுத்திவிட வேண்டும்.

வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் ஒன்றின் மீது 36 கி.மீ. காற்று நேராக அடித்தால் ஏறக்குறைய 20 கிலோ அளவுக்குத் தள்ளும், 72 கி.மீ. என்றால் 80 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு பலகையில் நடப்பவர் என்ன செய்வார்? ஷீட்டை விட்டால் கீழே ஆள் இருக்கிறார்.

பச்சை வலை, தார்ப்பாய் விஷயமும் இதேதான். சாரம் கட்டும்போது கணக்கில் இல்லாத தார்ப்பாயைப் பிறகு கட்டினால், மொத்தச் சாரமும் கப்பல் பாய்போல் ஆகிவிடும். சாரத்தைச் சுவரோடு பிணைக்கும் டைகளைக் கூட்டாமல் அதைக் கட்டவே கூடாது.

என் கணக்கில் மிக மோசமான தவறு, டையைக் கழற்றுவது. பூச்சு வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது, அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று கழற்றுவார்கள். அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதில்லை. கழன்ற டையின் பாரம் பக்கத்து டைகள் மீது ஏறும். சாரம் சுவரை விட்டு விலகத் தொடங்குவது அங்கேதான். கழற்றியே ஆகவேண்டுமென்றால், முதலில் பக்கத்தில் மாற்று டை போட வேண்டும். அதையும் சாரம் கட்டியவர்தான் செய்ய வேண்டும், பூச்சுக்காரர் அல்ல.

கட்டாமல் கிடக்கும் பலகையைக் காற்று அடியிலிருந்து தூக்கிவிடும். பெல்ட் கொக்கியைக் கைக்கு எட்டிய பைப்பில் மாட்டாமல், அதற்கென்று குறித்த இடத்தில் மாட்டுங்கள்.

காற்று நின்றதும் நேராக மேலே ஏறிவிடுவதும் தவறுதான். சாரக் கால்களுக்கு அடியில் வைத்த அடித்தட்டு நகர்ந்திருக்கிறதா, மண்ணில் புதைந்திருக்கிறதா, டைகள் இருக்கின்றனவா என்று விவரம் தெரிந்தவர் கீழிருந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஸ்பேனர் இல்லாமல் வெறும் விரலாலேயே, பைப்புகளை இணைக்கும் கிளாம்பின் நட்டைச் சுற்ற முடிந்தால், அந்தச் சாரத்தை முழுக்க இறுக்கும் வரை யாரும் ஏறக்கூடாது.