கொழுகொழு கன்னமும் சொத்தைப் பல்லும்

எடை கூடினால் குழந்தை மருத்துவர், பல் வலித்தால் பல் மருத்துவர் என்று தனித்தனியாக அலைகிறோம். இரண்டுக்கும் காரணமான தின்பண்ட டப்பா வீட்டில் ஒரே அலமாரியில்தான் இருக்கிறது.

குண்டாக இருப்பதாலேயே பல் கெட்டுவிடாது. ஒல்லியான குழந்தைக்கும் சொத்தை வரும். வலி முற்றினால் சாப்பிட முடியாமல் இன்னும் மெலியும். எனவே "என் பிள்ளை ஒல்லிதானே" என்று நிம்மதி அடைவதும் தவறுதான். எடையையும் பல்லையும் இணைப்பது சர்க்கரை; அதிலும் அது வாய்க்குள் போகும் விதம்.

"ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்தானே" என்று அளவை மட்டும் எண்ணுகிறோம். எத்தனை முறை வாய் அசைகிறது என்பதை எண்ணுவதில்லை. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சமன்செய்ய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். மதியச் சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்றால் பல்லுக்கு விழுவது ஒரே ஒரு அடிதான். அந்த பிஸ்கட்டையே மாலை முழுவதும் தொலைக்காட்சி முன்னால் கொறித்தால் உமிழ்நீர் வேலையை முடிப்பதற்குள் அடுத்த துண்டு வந்துவிடுகிறது. பசியில்லாமல் போகும் அந்தத் துண்டுகள்தான் இடுப்பிலும் ஏறுகின்றன.

வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டுக் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் என்று மாறியவர்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பல்லுக்கு எல்லாம் ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் தேனையும் பழச்சாற்றையும்கூட இந்தச் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. மொத்தக் கலோரியில் இவை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. நாளொன்றுக்கு 1300 கலோரி உண்ணும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த 5 சதவீதம் சுமார் 16 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி. கொய்யாவைக் கடித்துத் தின்னக் கொடுங்கள். சாறாகப் பிழிந்து கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது படுக்கைக்குப் போகும்போது கொடுக்கும் சத்துமாவுப் பால். டப்பாவில் வரும் பொடிகள் பலவற்றில் ஏற்கெனவே சர்க்கரை உண்டு. அதற்கு மேல் நாம் இரண்டு கரண்டி போடுகிறோம். குடித்த வாயோடு குழந்தை தூங்கிவிடும். தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைவதால் இரவெல்லாம் பல் ஊறிக்கிடக்கும். பால்புட்டியோடு தூங்கும் குழந்தைகளுக்கு மேல் முன்பற்கள் முதலில் அரிப்பது இதனால்தான். பாலைச் சர்க்கரையில்லாமல் சற்று முன்னதாகவே கொடுத்து, பல் துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டியைச் சம்மதிக்க வைப்பதுதான் இதில் கடினமான பகுதி.

"பால்பல்தானே, எப்படியும் விழப்போகிறது" என்பதும் அடிக்கடி காதில் விழும் பேச்சு. பால் கடைவாய்ப்பற்கள் விழப் பத்து முதல் பன்னிரண்டு வயது ஆகும். அவை வலித்தால் குழந்தை சுண்டலையும் கேரட்டையும் ஒதுக்கிவிட்டு, மெல்லாமல் இறங்கும் கேக்கையும் பாலில் ஊறிய பிஸ்கட்டையும் கேட்கும். பல்லில் தொடங்கிய பிரச்சினை எடைக்குப் போவது இப்படித்தான். ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலேயே வரிசையின் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப்பல் நிரந்தரப் பல் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. அதையும் பால்பல் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

எடையைக் குறைக்கிறேன் என்று குழந்தையைப் பட்டினி போடாதீர்கள், உறவினர் முன்னால் கேலியும் செய்யாதீர்கள். ஒளித்துத் தின்னும் பழக்கம்தான் வளரும். ஒளித்துத் தின்ற பிறகு யாரும் வாய் கொப்பளிப்பதில்லை.

பற்பசையில் ஃபுளோரைடு இருக்க வேண்டும். மூன்று வயது வரை அரிசி மணியளவு, அதன் பிறகு பட்டாணி அளவு போதும். ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் துலக்கிவிடுவது நல்லது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும்போது பல்லையும் பார்க்கிறார்கள். அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டு பெரும்பாலும் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். இன்று அந்தப் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.