கை தேய்க்கும் 20 விநாடி போதும்

நோயாளியைத் தொடுமுன் கிருமிநாசினி தேய்க்க 20 முதல் 30 விநாடி ஆகும். தாதியரே, அந்த நேரத்தில் உங்கள் தாடையையும் தோளையும் கவனியுங்கள். இறுகியிருந்தால் மூச்சை மெல்ல விட்டுவிட்டுத் திரையை விலக்குங்கள். ஐந்தாவது முறை மணி அடித்த பாட்டியிடம் "இப்பதானே வந்தேன்!" என்று குரல் உயர்வது பெரும்பாலும் முந்தைய படுக்கையில் ஏறிய எரிச்சல்தான்.

வேலை முடிந்ததும், எம்ஆர்டி ரயில் ஏறுமுன், அன்று நடந்த ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் எழுதுங்கள். அனுபவத்தைத் திரும்பிப் பார்த்துக் கற்கக் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988இல் வகுத்த சுழற்சியில் ஆறு படிகள்: நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, காரணம், வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன. பலர் முதல் படியிலிருந்து கடைசிக்குத் தாவி, "இனி பொறுமையாக இருப்பேன்" என்று முடித்துவிடுகிறார்கள். அதில் பயனில்லை. "மணி அடித்தால், முதலில் வலியா, கழிப்பறையா, பயமா என்று கேட்பேன்" என்று எழுதினால்தான் நாளை கைகொடுக்கும்.

நோயாளியின் பெயர், அடையாள அட்டை எண், படுக்கை எண் எதுவும் அதில் வேண்டாம்.

எரிச்சலை மட்டும் எழுதாதீர்கள். தமிழ் பேசும் தாத்தாவிடம் கூடுதலாகப் பத்து நிமிடம் நின்றீர்களா? பக்கத்துப் படுக்கைக்காரர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதையும் எழுதுங்கள்.